யொரூபா மக்களின் எகுங்குன் விழா

1826 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், கிளாப்பர்ட்டன் என்னும் பிரித்தானியக் கடற்படை அதிகாரி மேலை ஆபிரிக்காவின் உள்நாட்டிலே, ஓயோப் பேரரசின் தலைநகரில் விருந்தினராகத் தங்கியிருந்தார். ஒருநாள் மன்னர் அவருக்கு ஒரு கூத்தைக் காட்டுவித்தார். முதலிற் சிலர் சாக்குப்பைகளுள் உடல் முழுவதையும் மறைத்துக்கொண்டு துள்ளி ஆடினர். அடுத்து ஒரு மலைப்பாம்பு வந்தது. அதுவும் துணியுட் புகுந்த மனிதரே. மூன்றாவதாகச் சாக்கினின்றும் வெளிப்பட்டது ஒரு வெண்ணிற உருவம். அது மூக்குப்பொடி போட்டுக்கொண்டது, கைகளைத் தேய்த்தது, வெறுங்காலோடு நடந்து பழகாதவர் போலத் தட்டுத்தடுமாறி நடந்தது. வெள்ளையரைப் பற்றிய நையாண்டி அது! கூடியிருந்தோர் சிரித்து ஆரவாரித்து, விருந்தினரை நோக்கி, எப்படி இருக்கிறது என வினவினர். அவரும் மகிழ்ந்தவர்போற் காட்டிக்கொண்டார். அவர் இறந்தபின் 1829 இல் வெளிவந்த பிரயாண நூலில் இச்செய்தி உள்ளது.

கிளாப்பர்ட்டன் கண்டது வெறும் கேளிக்கை அன்று. ஆடியவர் எகுங்குன் மரபைச் சேர்ந்த கூத்தர் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் துணிபு. எகுங்குன் என்பது இறந்த மூதாதையர் துணியுடுத்து ஊருக்குள் வந்து செல்லும் விழா. வருபவரை 'வானுலகத்தார்' என்றே யொரூபா மக்கள் அழைப்பர். இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கிலும், அயலிலுள்ள பெனின் நாட்டிலும் வாழும் பெருங்குடியினர் இவர்கள். சிரிப்பும் வழிபாடும் ஒரே களத்தில் நிகழுமா என ஐயுறுவோர் உண்டு. ஓயோ மக்களுக்கு அந்த ஐயம் எழவில்லை.

இவ்வழக்கம் வடக்கே வாழும் நூப்பே மக்களிடமிருந்து ஓயோவுக்கு வந்தது என எழுதியவர் சாமுவேல் யோன்சன். அவர் ஒரு கிறித்தவப் போதகர். யொரூபா மக்களின் வரலாற்றை 1897 இல் எழுதி முடித்தார். 1921 இலேதான் அது அச்சேறியது.

விழாவின் காலம் ஊருக்கு ஊர் வேறுபடும். ஆயின் எங்கும் உயிர்நாடியாக விளங்குவது அந்த ஆடையே. உடலை ஒட்டி அமைவது, தறியில் நெய்த ஒடுங்கிய பட்டிகளை இணைத்துத் தைத்த துணி. இறந்தோரைப் போர்த்துப் புதைக்கும் துணியை அது நினைவூட்டும். அதன்மேல் அடுக்கடுக்காகத் துணித் தொங்கல்கள். ஓரங்களிற் பல்வரிசை போன்ற சிவப்பு விளிம்புகள். முகத்தை ஒரு வலைத்துணி மறைக்கும். கைகால்களும் துணியினுள்ளேயே இருக்கும். தோலின் ஒரு சிறு பகுதியும் வெளியே தெரிதலாகாது. விழாதோறும் குடும்பத்தார் புதுத் துணி சேர்ப்பர். வசதியுள்ளோர் கடல்கடந்து வந்த வெல்வெட்டும் பட்டும் தைப்பர். பழையதைக் களைந்தெறிவதில்லை; அதன்மேலேயே புதியது ஏறும். ஆகவே ஓர் ஆடையைக் கூர்ந்து பார்த்தால், அக்குடும்பம் செழித்த காலமும் மெலிந்த காலமும் தெரியும் எனலாம். பறைகள் முழங்க உருவம் சுழலும்போது தொங்கல்கள் எழுந்து பறக்கும். அவ்வேளை வீசும் காற்று வாழ்த்தாகும் என்பது நம்பிக்கை. அரும்பொருட்சாலைக் கண்ணாடிப் பெட்டியுள் அசையாது தொங்கும் ஆடைக்கு அந்தக் காற்று ஏது?

துணியுள் இருப்பவர் யார்? ஊரவர் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர் குரலும் மனிதக் குரலன்று. அடித்தொண்டையிலிருந்து கரகரத்து வரும். பெண்கள் இம்மறைபொருளை அறிதலாகாது என்பது விதி. ஆனால் அவ்வுருவத்தின் குலப்புகழைப் பாடி அதனை ஆடச்செய்வோரிற் பெண்களும் உளர். 'இயா ஆகன்' என்னும் பட்டம் பெற்ற முதுமகளோ, அம்மறைக்குள்ளேயே இடம்பெற்றவள். தெரிந்தும் தெரியாததுபோல் இருத்தல் பொய்யா என்று கேட்கலாம். நான் அதனை ஓர் உடன்படிக்கை என்றே கொள்வேன். அயல்வீட்டு இளைஞன் சொன்னால் ஏற்காத கண்டிப்பை, முப்பாட்டன் சொன்னால் ஊர் தலைகுனிந்து கேட்கும். அவ்வாறு கேட்பதற்கு, இளைஞன் அங்கே இல்லாதிருத்தல் வேண்டும்.

1830 களில் ஓயோத் தலைநகர் பாழாயிற்று. உள்நாட்டுப் போர்களிற் சிறைப்பட்ட எண்ணிறந்தோர் அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர். ஊரையும் உறவையும் பெயரையுங்கூட இழந்த அம்மக்கள், பிரேசில் நாட்டின் பாகியாப் பகுதியிலே, இத்தாப்பரிக்காத் தீவில் தம் மூதாதையரை மீண்டும் வருவித்தனர். இன்றும் அங்கே அவர்கள் துணியுடுத்து வருகின்றனர். அத்துணி வாழ்வோர்மீது படாதபடி பூசகர் கோலேந்தி நிற்பர்.

தாயகத்திலோ பிரித்தானிய ஆட்சி வந்தது. அந்நாளின் ஒரு காட்சியை நாடகாசிரியர் வொலே சொயிங்கா, 'மரணமும் மன்னனின் குதிரைவீரனும்' என்னும் தம் நாடகத்தில் 1975 இல் அமைத்துள்ளார். ஓயோவில் உள்ள வெள்ளை அதிகாரியும் மனைவியும், பறிமுதலான எகுங்குன் ஆடைகளை நடன விருந்துக்கு வேடமாக அணிந்துகொள்கின்றனர். 1826 இல் துணிக்குள் இருந்த ஓயோ மக்கள் வெள்ளையராக நடித்துச் சிரித்தனர். இங்கே வெள்ளையர் அத்துணியையே அணிந்து சிரிக்கின்றனர். அவ்வேளை, ஒரு சாவைத் தடுக்கவேண்டும் என்னும் அவசரச் செய்தியோடு அமுசா என்னும் பொலிஸ்காரன் வருகிறான். அவன் ஒரு முஸ்லிம். கலகஞ் செய்தவர் எனச் சொல்லி அந்த ஆடைக்குரியவரைக் கைதுசெய்தவனும் அவனே. ஆயினும் எகுங்குனை மட்டும் அவன் தொட்டதில்லை. மேலதிகாரி அதட்டுகிறார். சாவின் உடையை அணிந்திருப்பவரிடம் சாவைப்பற்றிப் பேச இயலாது என அவன் மறுத்துவிடுகின்றான். பின்னர், சொல்லவந்த செய்தியைத் தாளில் எழுதி வைத்துவிட்டு அகல்கின்றான்.