பூட்டும் பிரிவும்

இரணியல், தக்கலை வட்டாரத்தில் அடிமுறை என்னும் தற்காப்புக் கலையைப் படிப்பவர்கள், எதிராளியின் கையை மூட்டோடு முறுக்கி நிறுத்துவதைப் ‘பூட்டு’ என்பார்கள். அதிலிருந்து விடுபடுவது ‘பிரிவு’. பூட்டும் பிரிவும் என்று இணைத்துச் சொல்வதே வழக்கம்.

பூட்டு என்றதும் கதவும் சாவியும் நினைவுக்கு வரும். ஆனால் இந்தச் சொல்லின் வேர் கதவைவிட ஆழத்தில் இருக்கிறது. உண் – ஊட்டு, காண் – காட்டு, அந்த வரிசையில் பூண் – பூட்டு. பூணச் செய்வது, ஒன்றோடு ஒன்றைப் பிணைப்பது. நுகத்தில் மாட்டைப் பூட்டுகிறோம். சித்திரையில் பொன்னேர் பூட்டுகிறோம். வில்லில் நாண் பூட்டுவதை வைத்தே நன்னூலின் எட்டுப் பொருள்கோள்களில் ஒன்று விற்பூட்டு என்று பெயர் பெற்றது. அதில் பாட்டின் கடைசிச் சொல் வளைந்து போய் முதற்சொல்லோடு சேரும். எலும்போடு எலும்பு பொருந்தும் இடத்தையும் தோள்பூட்டு என்கிறோம். உடம்பு தானே பூட்டிக்கொண்ட இடத்தில்தான் ஆசானும் பூட்டுப் போடுகிறார்.

எதிராளி நம் மணிக்கட்டைப் பிடிக்கிறான் என்று வையுங்கள். அவன் விரல்கள் கழன்றுவிடாதபடி நம் மறுகையால் பொத்திக்கொண்டு, பிடிபட்ட கையை அவன் முன்கைக்கு மேலாகச் சுழற்றி அழுத்த வேண்டும். முன்கையின் இரண்டு எலும்புகளும் ஓரளவுக்குத்தான் திரும்பும். அந்த எல்லை வந்ததும் முழங்கை இழுபடும், பிறகு தோள். கடைசியில் முழங்கால் தானாக மடியும். பலத்துக்கு இங்கே பெரிய வேலை இல்லை. பிடித்தவன் கையே அவனுக்கு நுகமாகிவிடுகிறது.

ஜப்பானியர் இவ்வகைப் பிடிகளை ‘கான்செட்ஸு வாசா’ என்கிறார்கள். வாசா என்றால் நுட்பம். கான்செட்ஸு என்றால் மூட்டு. அதை எழுதும் இரண்டு எழுத்துகளில் முதலாவதன் பழம்பொருள் வாயிலுக்குக் குறுக்கே போடும் தாழ்மரம், இரண்டாவது மூங்கிலின் கணு. 1882-இல் கானோ ஜிகோரோ தொடங்கிய ஜூடோவில் இன்று போட்டிக்கு முழங்கைப் பூட்டு மட்டுமே அனுமதி. ஐகிடோ மணிக்கட்டையே பெரிதும் நம்புகிறது. நம் பிள்ளைகள் அந்த வகுப்புகளில் ‘லாக்’ என்று சொல்லிப் பழகுவது எனக்கு வருத்தம்தான். ஊரில் ஆசான்மார் வாயில் புழங்கும் சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே!

கதவுப் பூட்டைத் திறக்கிறோம், ஏரை அவிழ்க்கிறோம், சண்டைப் பூட்டைப் பிரிக்கிறோம். மூட்டு தன் எல்லையில் நிற்கும்வரைதான் பூட்டுக்கு உயிர். ஆகவே முறுக்கு முற்றுவதற்குள், அது போகும் திசையிலேயே உடம்பைத் திருப்பி, முழங்கையைத் தாழ்த்தி நெருங்கிவிட வேண்டும். எதிர்த்து இழுப்பவனுக்குப் பூட்டு இறுகும்.