திருச்சிக்குப் படிக்கப் போன பிள்ளைகள்

நமது கீரனூரிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பேருந்திலும் புகைவண்டியிலும் ஏறி அங்குள்ள கல்லூரிகளுக்குப் போய் வந்த பிள்ளைகள் பட்டம் பெற்று வந்தார்கள் என்பதை நாம் அறிவோம். பட்டத்தோடு வேறொன்றையும் சிலர் கொண்டு வந்தார்கள். அதைப் பற்றியே இந்த ஜூபிலி மலரில் எழுத விரும்புகிறேன்.

பொதுநிலையினர் தலைமை ஏற்பது இப்பகுதிக்குப் புதிதன்று. பழைய மதுரை மிஷன் காலத்தில், நமக்கு அருகிலுள்ள ஆவூரை மையமாகக் கொண்டு குருக்கள் ஊர் ஊராகச் சுற்றி வந்தனர். ஓர் ஊருக்குக் குருவானவர் வந்து போனால், மீண்டும் வரப் பல மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் செபம் சொல்லிக் கொடுத்தவரும், சாகக் கிடந்தவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும், சண்டையைத் தீர்த்து வைத்தவரும் உபதேசியாரே. குருவானவரின் பின்னால் நடந்து நடந்தே அவர் தம் வேலையைக் கற்றார்.

பின்னர் கல்லூரிகள் வந்தன. புதுக்கோட்டையில் மன்னர் கல்லூரி 1880-இல் தோன்றியது. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரி 1883-இல் திருச்சிக்கு வந்தது. பெண்களுக்கென்று 1923-இல் திருச்சியில் சிலுவைக் கல்லூரி எழுந்தது. வகுப்பறையில் கேட்கவும் எழுதவும் கற்கலாம். பத்துப் பேரைக் கூட்டி ஒரு காரியத்தைச் செய்து முடிக்க எங்கே கற்பது?

அதற்கான இடமாக அமைந்தது மாணவர் அமைப்பு. 1921-இல் சுவிட்சர்லாந்து நாட்டில் ஃபிரீபூர் நகரில் ‘பாக்ஸ் ரொமானா’ என்னும் அனைத்துலகக் கத்தோலிக்க மாணவர் இயக்கம் உருவானது. மூன்றே ஆண்டுகளில், 1924-இல், பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவி கார்ட்டி அடிகளார் தமிழகத்தில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து அனைத்திந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு ஆயிற்று. பிள்ளைகள் அதைச் சுருக்கமாக ‘ஐக்கஃப்’ என்பார்கள். சென்னை லொயோலாக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர் கார்ட்டி அடிகளார். ஆகவே பக்தி முயற்சிகளோடு நில்லாமல், கூலி, வேலை, வறுமை ஆகியவற்றைப் பற்றித் திருச்சபை சொல்வதையும் மாணவர்கள் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இயல்பாகவே இருந்திருக்கும்.

கல்லூரிக்கு ஒரு கிளை. அதற்குத் தலைவர், செயலர், பொருளாளர். துணைக்கு ஆலோசகராக ஒரு குருவானவரோ பேராசிரியரோ இருப்பார். கேட்பதற்குச் சிறிய ஏற்பாடுதான். ஆனால் கூட்டத்துக்கு ஆள் சேராத நாளில் செயலர் என்ன செய்வார்? தேர்தலில் தோற்றவர் அடுத்த வாரமும் வந்து அமர வேண்டும். பொருளாளர் ஐந்து ரூபாய்க்கும் ரசீது காட்ட வேண்டும். மேடைப் பேச்சைத்தான் தலைமைப் பண்பு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். என் அனுபவத்தில், நடவடிக்கைக் குறிப்பேட்டை ஒழுங்காக எழுதிய பிள்ளைகளே பின்னாளில் பொறுப்புக்கு உதவினார்கள். நன்றாகப் பேசியவர்கள் நன்றாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள்!

அறுபதுகளில் காற்று மாறியது. கர்தினால் கார்டைன் பரப்பிய ‘பார், சீர்தூக்கு, செயல்படு’ என்ற முறையை 1961-இல் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் தம் சுற்றுமடலில் பரிந்துரைத்தார். 1965 நவம்பர் 18-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய ஏட்டை வெளியிட்டது. அதே 1965-இன் தொடக்கத்தில் தமிழகத்து மாணவர்கள் இந்தி எதிர்ப்புக்காகத் தெருவில் இறங்கியிருந்தனர். 1968-இல் பாரீஸ் நகரில் மாணவர் கிளர்ச்சி வெடித்தது. இந்தச் சூழலில்தான் 1970-இல் ஐக்கஃப் மாணவர்கள் பூந்தமல்லிப் பிரகடனத்தை வெளியிட்டனர். நாம் வாழும் சமூக அமைப்பு அநீதியானது, ஏழைகளின் பக்கம் நின்று அதை மாற்ற உழைப்போம் என்பது அதன் சாரம். அதன் பின்னர் முகாம் என்றால் சேரிகளிலும் சிற்றூர்களிலும் தங்கி, மக்கள் வாழ்வை நேரில் கண்டு, ஏன் இப்படி என்று கேட்பதாயிற்று.

இதைப் பெரியவர்கள் பலர் விரும்பவில்லை. செபமாலை குறைந்து கோஷம் கூடிவிட்டது என்ற குறை எழுந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், ஊரிலுள்ள அநீதியைக் காணக் கற்ற கண், கோயிலுக்குள் வந்ததும் மூடிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியுமா?

இதை எனக்குக் கற்பித்தவள் ஒரு மாணவி. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு பங்கில் பணியாற்றிய காலம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரிக் கிளையின் செயலர். திருவிழா முடிந்து நடந்த பங்குக் கூட்டத்தில் எழுந்து, “ஃபாதர், வரவு செலவை எழுதி வாசலில் ஒட்டினால் நல்லது” என்றாள். “சின்னப் பிள்ளைக்கு என்ன கணக்கு?” என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள். “பார்க்கலாம் அம்மா, உட்கார்” என்று நானும் முடித்துவிட்டேன். குருமடத்தில் பொதுநிலையினர் பற்றிய அந்தச் சங்க ஏட்டைப் படித்துத் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான் நான்.

அவள் கோபிக்கவில்லை. அடுத்த ஞாயிறு, தன் பொறுப்பில் நடந்த மறைக்கல்விப் பிள்ளைகளின் சுற்றுலாக் கணக்கை ரசீதுகளோடு சேர்த்துக் குத்திக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். மீதி 37 ரூபாய் ஓர் உறையில் இருந்தது. அதை வாங்கிக்கொண்டபோது எனக்கு வெட்கமாயிருந்தது. அவ்வளவு சுத்தமான கணக்கு என்னிடமே இல்லை.

மறு ஆண்டுத் திருவிழா முடிந்ததும், பங்கின் பொருளாளரையும் அவளையும் ஒன்றாக உட்கார வைத்தேன். இரண்டு மாலை ஆயிற்று. அட்டையில் எழுதிக் கோயில் முகப்பில் ஒட்டினார்கள். பூசை முடிந்து வந்த கூட்டம் அங்கேயே நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டிப் படித்த ஒரு முதியவர், தாம் கொடுத்த 50 ரூபாய் அதில் விடுபட்டிருப்பதைக் காட்டினார். பொருளாளர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அவர் பெயரை அங்கேயே எழுதிச் சேர்த்தார்.