கிளாலி வழிப் பயணம்

1956-இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில், கொழும்பில் காலையில் ஏறியவரைப் பொழுது சாய்வதற்குள் காங்கேசன்துறையில் இறக்கிவிடும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் ரயில் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நுழையும் ஆனையிறவுத் தரைவழியும் அடைபட்டது.

மிஞ்சியது கிளாலிக் கடல்நீரேரி. இரவில், விளக்கில்லாமல், முன்னே ஒரு மோட்டார் படகு இழுக்க, கயிற்றில் பிணைத்த வள்ளங்களில் நோயாளிகளும் மாணவர்களும் பெட்டி படுக்கையோடு குந்தியிருந்தார்கள். 1993 ஜனவரி 2 இரவு இலங்கைக் கடற்படை தாக்கியதில் பயணிகள் பலர் இறந்தனர். அதன் பின்னும் வள்ளங்கள் ஓடின; வேறு வழி ஏது?

குடாநாட்டுக்குள் சைக்கிள்தான் ராஜா. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பழைய கார்கள் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. கார்புரேட்டரில் சில சொட்டு பெட்ரோல் விட்டு எஞ்சினை உசுப்பி, ஓடத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையைப் பற்றிக் கவலைப்பட அது நேரமில்லை!

விமானமும் பத்திரமானதாக இல்லை. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர்.

2002 போர்நிறுத்தத்தில் திறக்கப்பட்ட, யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 சாலை 2006 ஆகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. யாழ்தேவி யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்ப 2014 அக்டோபர் ஆயிற்று.