புகைபிடிக்கும் அறையில் பிறந்த பட்டம்: நிதியியல் முதுகலையும் வேலைச் சந்தையும்

1973 ஏப்ரல் 26 அன்று சிகாகோ தானியச் சந்தைக் கட்டடத்தில், உறுப்பினர்கள் அதுவரை புகைபிடிக்க ஒதுங்கிய ஓர் அறையில் புதிய சந்தை ஒன்று திறந்தது. 16 நிறுவனப் பங்குகளின் மீதான ஆப்ஷன் ஒப்பந்தங்கள் (பங்கை முன்கூட்டியே குறித்த விலையில் வாங்கும் உரிமை) மட்டுமே அங்கே கைமாறின. முதல் நாள் வியாபாரம் 911 ஒப்பந்தங்கள். அடுத்த சில வாரங்களில் ஃபிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் எழுதிய கட்டுரை அச்சில் வந்தது. ஏற்கெனவே இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. திருப்பிய இதழ்களில் ஒன்றுதான் பிறகு வெளியிடவும் செய்தது. ஆப்ஷனுக்கு என்ன விலை வைப்பது என்பதற்கான சூத்திரம் அதில் இருந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற இளம் பொருளியலாளர் வேறொரு கட்டுரை வெளியிட்டார். வேலைக்குத் தேவையான எதையும் ஒரு படிப்பு கற்றுத்தராமலே போகலாம், ஆனாலும் அது சம்பளத்தை உயர்த்தும் என்றார் அவர். திறமைசாலிக்குப் படிப்பை முடிப்பது குறைந்த பாடு, மற்றவருக்கு அதிகப் பாடு. அதனால் ஆளை நேரில் அளக்க வழியில்லாத முதலாளி, பட்டத்தைப் பார்த்து அளந்துகொள்கிறார்.

நிதியியலில் முதுகலை முடித்தால் வேலை கிடைக்குமா? கடந்த 50 ஆண்டுகளில் சொல்லப்பட்ட பதில்கள் எல்லாம் இந்த இரண்டு கட்டுரைகளுக்கு நடுவேதான் ஊசலாடுகின்றன. பட்டம் ஒரு கைத்தொழிலைக் கற்றுத்தருகிறது என்பது ஒரு கட்சி. அது வெறும் அடையாளச் சீட்டு என்பது எதிர்க்கட்சி. வரலாற்றைப் பார்த்தால் இரண்டுமே வெவ்வேறு காலத்தில் உண்மையாக இருந்திருக்கின்றன.

1950களில் நிதியியல் தனித் துறையாகவே மதிக்கப்படவில்லை. ஹாரி மார்க்கோவிட்ஸ் முதலீட்டுத் தொகுப்பைப் பற்றிய தம் ஆய்வேட்டை சிகாகோவில் முன்வைத்தபோது, இது பொருளியலே அல்ல என்று பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் மடக்கியதாக மார்க்கோவிட்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஆய்வுக்கு 1990இல் நோபல் கிடைத்தது வேறு விஷயம். 1959இல் ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தில் கார்டனும் ஹாவெலும் எழுதிய அறிக்கை, அமெரிக்க வணிகக் கல்லூரிகள் கணிதமும் சமூக அறிவியலும் இல்லாமல் வெறும் தொழிற்பயிற்சிப் பள்ளிகளாக இருப்பதாகக் குறை சொன்னது. கார்னெகி நிதியத்தின் உதவியில் வந்த இன்னோர் அறிக்கையும் அதே ஆண்டு அதையே சொன்னது. கல்லூரிகள் சமன்பாடுகளின் பக்கம் திரும்பியது அதன் பிறகுதான். அப்போதும் வால் ஸ்ட்ரீட்டுக்கு எம்.பி.ஏ. போதுமானதாக இருந்தது.

நிலைமையை மாற்றியவர்கள் நிதியியலே படிக்காதவர்கள். பிளாக்கின் முனைவர் பட்டம் பயன்பாட்டுக் கணிதத்தில். அவர் 1984இல் கோல்ட்மேன் சாக்ஸில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அதே நிறுவனத்துக்கு வந்த இமானுவேல் டெர்மன், 1973இல் கொலம்பியாவில் முனைவர் பட்டம் வாங்கிய இயற்பியலாளர். பெல் ஆய்வகத்திலிருந்து வந்தவர். 1993 அக்டோபரில் டெக்சஸில் கட்டிக்கொண்டிருந்த மாபெரும் துகள் மோதுவியை அமெரிக்க நாடாளுமன்றம் நிறுத்தியது. சுமார் 200 கோடி டாலர் செலவாகி, 20 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் தோண்டிய பிறகு! வேலைக்கு வழி தேடிய இயற்பியலாளர்களில் ஒரு பகுதியினர் நியூயார்க் வங்கிகளின் கதவைத் தட்டினார்கள். வங்கிகளில் அவர்களுக்கு 'குவான்ட்' என்று பெயர்.

இயற்பியலாளரை எடுத்து நிதி கற்றுக்கொடுப்பதைவிட, இரண்டையும் படித்த ஆள் நேராகக் கிடைத்தால் வங்கிக்கு லாபம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் 1994இல் கணினிவழி நிதியியல் முதுகலையைத் தொடங்கியது இந்தச் சூழலில்தான். வேலை முதலில் வந்தது, பட்டம் பின்னால் வந்தது என்ற இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். இந்த வகைப் படிப்பைப் பொறுத்தவரை, வேலைக்கு உதவுமா என்ற கேள்விக்குத் தயக்கமில்லாமல் ஆம் என்று சொல்லிவிடலாம். பின்னாளில் கொலம்பியாவின் நிதிப் பொறியியல் படிப்புக்குத் தலைமையேற்றவர் டெர்மன். அந்தப் பட்டம் இல்லாமலே அந்த வேலையில் பெயர் வாங்கியவர்!

பிறகு வரிசை தலைகீழானது. 1999இல் ஐரோப்பிய நாடுகள் போலோன்யாவில் கையெழுத்திட்டு, நீண்ட ஒற்றைப் பட்டங்களை இளங்கலை, முதுகலை என்று பிரித்தன. வேலை அனுபவம் இல்லாத 22 வயதுக்காரருக்கு விற்கத் தக்க முதுகலை திடீரெனத் தேவைப்பட்டது. நிதியியலுக்கு ஆய்வகம் வேண்டாம், கட்டணமோ அதிகம். 2011இல் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நிதியியல் முதுகலைக்கென்றே தரவரிசை வெளியிடத் தொடங்கியது. இப்போது பட்டம் முதலில் வந்தது. வேலையை மாணவர் தேடிக்கொள்ள வேண்டும்.

எந்த ஆண்டு வெளியே வருகிறோம் என்பது அந்தத் தேடலில் பாடத்திட்டத்தைவிடப் பெரிது. ஸ்டான்ஃபோர்டில் எம்.பி.ஏ. முடித்த பல ஆண்டு மாணவர்களைப் பின்தொடர்ந்த பொருளியலாளர் பால் ஆயர், 2008இல் ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ் இதழில் எழுதினார்: பங்குச் சந்தை ஏறுமுகமாக இருந்தபோது முடித்தவர்கள் வால் ஸ்ட்ரீட்டுக்குள் அதிகம் நுழைந்தார்கள், அங்கேயே நிலைத்தார்கள். சரிவில் முடித்தவர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள். சந்தை மீண்ட பிறகும் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. ஒரே கல்லூரி, ஒரே பட்டம். அந்தக் கட்டுரை வந்த அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி விழுந்தது.

கல்லூரியின் பெயருக்கும் பெரிய பங்கு உண்டு. சமூகவியலாளர் லாரன் ரிவேரா தம் 2015 நூலில், முதலீட்டு வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் ஒரு சில கல்லூரிகளைப் பட்டியலிட்டு அங்கே மட்டும் ஆள் தேடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதினார். பட்டியலுக்கு வெளியே படித்தவரின் விண்ணப்பத்தை யாரும் புரட்டிக்கூடப் பார்க்காமல் போகலாம். ஸ்பென்ஸ் சொன்ன அடையாளச் சீட்டு, பட்டத்தில் இல்லை; அதன் மேல் அச்சிட்ட முத்திரையில் இருக்கிறது.

இந்தியாவில் அந்த முத்திரை வேறு கையில். பட்டயக் கணக்காளர் (சி.ஏ.) கழகம் 1949 ஜூலை 1 முதல் இயங்குகிறது. மார்ச் 31 இரவு வாடிக்கையாளரின் கிடங்கில் நின்று சரக்கு எண்ணி, வவுச்சர்களை ஒவ்வொன்றாக டிக் அடித்து ஆர்ட்டிகிள்ஷிப் என்ற களப்பயிற்சியை முடித்த சி.ஏ.வுக்கு அருகே, வகுப்பறையில் மட்டும் நிதி படித்த முதுகலைக்காரர் நேர்காணலில் தடுமாறுவதில் வியப்பில்லை. 2023இல் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்றிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைந்ததால் சி.ஏ. பாதை இன்னும் சுருங்கிவிட்டது. மறுபக்கம் முதலீட்டுப் பகுப்பாய்வாளர்களுக்கான சி.எஃப்.ஏ. தேர்வு. 1963இல் 284 பேர் எழுதிய அந்தத் தேர்வை இன்று வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து படித்து எழுதலாம். ஆனால் 2021 ஜூலையில் முதல் நிலையில் தேறியவர்கள் 22 சதவீதம்தான். முதுகலை வகுப்பில் எந்தப் பல்கலைக்கழகமும் இப்படி வடிகட்டத் துணியாது. முதலாளிகளுக்கும் அது தெரியும்.

கல்லூரிகள் வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கைகளை நம்பித்தான் பலர் கடன் வாங்குகிறார்கள். அந்தத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் சதவீதத்தைவிட, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வரி முக்கியம். வேலை தேடியவர்களில், பதில் அனுப்பியவர்களில் என்று அங்கே இருக்கும். பதில் அனுப்பாதவர் கணக்கிலேயே வரமாட்டார். ஃபைனான்ஷியல் டைம்ஸ் பட்டியலில் காட்டும் சம்பளம், நாணயங்களின் வாங்கும் சக்தியைச் சமன்செய்து டாலரில் கணக்கிட்டது. மும்பையில் ரூபாயில் வாங்கும் சம்பளம் அங்கே சில மடங்கு பெருத்துத் தெரியும். கல்விக் கடனின் தவணையை வங்கி அந்தக் கணக்கில் வாங்கிக்கொள்ளாது.

வெளிநாடு போகிறவருக்குப் பட்டத்தோடு விசாவும் சேர்ந்துதான் விலை. பிரிட்டன் படிப்புக்குப் பின் வேலை பார்க்கும் அனுமதியை 2012இல் மூடியது, 2021 ஜூலையில் இரண்டு ஆண்டு அனுமதியாகத் திறந்தது. 2027 தொடக்கத்திலிருந்து விண்ணப்பிக்கும் முதுகலைக்காரருக்கு அது 18 மாதம். பாடப்புத்தகம் மாறவில்லை, பட்டத்தின் பயன் மட்டும் மூன்று முறை மாறிவிட்டது.

அமெரிக்காவில் இந்த விசாக் கணக்கு ஆறு இலக்கங்களில் அடங்கிவிடுகிறது. மாணவர் கையில் தரும் ஐ-20 படிவத்தில் படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். பொது நிதியியல் என்றால் 52.0801. நிதிக் கணிதம் என்றால் 27.0305. இரண்டிலும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் கரும்பலகையில் வரும், தேர்விலும் வரும். முதல் எண்காரருக்குப் படித்து முடித்தபின் அங்கே பயிற்சி வேலை பார்க்க 12 மாதம். இரண்டாவது எண் அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் இருப்பதால், அவருக்கு மேலும் 24 மாதம்.