பை சுமந்த அணில்கள்

யூனியன்வில்லில் எங்கள் வீட்டு யன்னலுக்கு வெளியே பனியில் அணில் ஓடும்போதெல்லாம் எனக்கு அந்த மொன்றியல் மாணவர்கள்தான் ஞாபகம் வருவார்கள்.

1951இல் மக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப் என்ற உளவியலாளர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். மாணவர்களுக்கு வேலை, சும்மா படுத்திருப்பது. நாளுக்கு 20 டொலர்; அந்தக் காலத்தில் நல்ல காசு. அறை இருட்டில்லை, கவனியுங்கள். கண்ணில் மங்கலான கண்ணாடி: வெளிச்சம் வரும், உருவம் தெரியாது. கையுறை, அதன்மேல் மட்டைச் சுற்று. காதை மூடிய நுரைத் தலையணை, ஓயாத இயந்திர இரைச்சல். சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் மட்டும் எழும்பலாம்.

பலர் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்கவில்லை. சின்னக் கணக்கும் பிழைத்தது. பிறகு இல்லாததெல்லாம் தெரியத் தொடங்கியது. ஒருவருக்குத் தோளில் பை சுமந்தபடி பனிவெளியில் அணிவகுத்துப் போகும் அணில்கள்! மூளைக்கு வெளிச்சம் மட்டும் போதாது, மாற்றம் வேண்டும்.

நானும் சிரித்தேன், பணம் தந்தது கனடாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி வாரியம் என்று வாசிக்கும் வரை. அது கொரிய யுத்தக் காலம். எல்லோருக்கும் 'மூளைச்சலவை' பயம். ஆய்வு அதிலிருந்துதான் தொடங்கியது என்று ஹெப் 1958இல்தான் வெளியே சொன்னார். 1963இல் சிஐஏயின் விசாரணைக் கைநூல் மக்கில் பரிசோதனைகளையும் எடுத்துக்காட்டியது.

அந்த மாணவர்கள் வேண்டாமென்றால் எழும்பிப் போகலாம். தனிச்சிறையில் இருப்பவர் போக முடியாது. 15 நாளுக்கு மேல் அப்படி அடைத்து வைப்பது கொடூரமான தண்டனை என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2019இல்.