வெனிஷியன் விடுதி, லாஸ் வேகாஸ்

இத்தாலியின் வெனிஸ் நகரை மாதிரியாகக் கொண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் ஸ்டிரிப் சாலையில் கட்டப்பட்ட காசினோ விடுதி. 1999 மே 3 அன்று திறக்கப்பட்டது.

இம்மனையில் 1952 முதல் சாண்ட்ஸ் விடுதி இருந்தது. அதன் கோப்பா அரங்கில் ஃபிராங்க் சினாட்ராவும் டீன் மார்ட்டினும் பாடினர். 1967இல் ஹோவர்ட் ஹியூஸ் அதை வாங்கினார். பின்னர் சிலமுறை கைமாறியது.

கணினிக் கண்காட்சிகள் நடத்திவந்த ஷெல்டன் அடெல்சன் 1989இல் சாண்ட்ஸை வாங்கினார். விலை 11 கோடி டாலர் என்று சிலரும் 12.8 கோடி என்று வேறு சிலரும் எழுதுகின்றனர். 1991இல் மனைவி மிரியமுடன் வெனிஸுக்குத் தேனிலவு சென்றபோது வெனிஸ் மாதிரியில் விடுதி கட்டும் எண்ணம் பிறந்தது என்பர். 1995இல் தம் காம்டெக்ஸ் கணினிக் கண்காட்சியை சாஃப்ட்பேங்க் நிறுவனத்துக்கு விற்றதில் அவருக்குப் பெரும்பணம் கிடைத்தது. 1996 நவம்பரில் சாண்ட்ஸ் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஏறத்தாழ 150 கோடி டாலர் செலவில் எழுந்த புதிய விடுதியின் திறப்பு விழாவுக்கு நடிகை சோஃபியா லோரன் வந்தார்.

டோஜே அரண்மனை, ரியால்டோ பாலம், புனித மார்க் மணிக்கூண்டு ஆகியவற்றின் பிரதிகள் சாலையோரம் நிற்கின்றன. வெனிஸின் மணிக்கூண்டு 1902இல் இடிந்து, 1912இல் மீண்டும் கட்டப்பட்டது. ஆகவே இங்குள்ளது மறுகட்டுமானம் ஒன்றின் பிரதி. ரியால்டோ பிரதியில் ஏறுவோரை நகரும் நடைபாதை சுமந்து செல்கிறது. உள்வாய்க்கால், காசினோ தளத்துக்கு மேலுள்ள மாடியில், கடைகளுக்கு நடுவே ஓடுகிறது. கூரையில் மேகங்களோடு தீட்டிய வானம். அதன் கீழ் கொண்டோலாப் படகோட்டிகள் துடுப்புடன் நின்று இத்தாலியப் பாடல்கள் பாடுகின்றனர்.

2001இல் ரெம் கூல்ஹாஸ் வடிவமைத்த குகன்ஹைம் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகம் இங்கே திறக்கப்பட்டது. துருநிற எஃகுச் சுவர்களில் ஓவியங்களைக் காந்தத்தால் நிறுத்திய அந்தக் கூடங்கள் கட்டடக்கலை ஆர்வலர் எவரும் காண விரும்பத்தக்கவையாக இருந்தன. 2008இல் அது மூடப்பட்டது.

1999இல் விடுதியின் முன் நடைபாதையில் தொழிற்சங்கத்தினர் திரண்டபோது, அந்த இடம் தனியாருடையது என்று நிர்வாகம் வாதிட்டது. அது பொதுவெளியே என 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2007இல் மக்காவ் நகரில் இதே பெயரில் மற்றொரு விடுதி திறக்கப்பட்டது. அடெல்சன் 2021இல் மறைந்தார். 2022இல் விடுதியின் நிர்வாகம் அப்பல்லோ நிறுவனத்துக்கும் நிலமும் கட்டடமும் விசி நிறுவனத்துக்கும் சென்றன. 2023இல் விடுதியை அடுத்து ஸ்ஃபியர் எனும் கோளவடிவ அரங்கம் திறக்கப்பட்டது.