வாசலில் தொங்கும் பை

2013ஆம் ஆண்டில் நான் டோக்கியோ நகரில் ஒரு குடும்பத்தாரின் விருந்தினனாக ஒரு வார காலம் தங்கியிருந்தேன். சிறிய வீடு. வாசற்கதவின் உட்புறத்தில், காலணிகளைக் கழற்றி வைக்கும் இடத்துக்கு மேலே, ஓர் ஆணியில் வெள்ளி நிறப் பை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் யாரோ பயணம் புறப்படுகிறார்கள் போலும் என்று எண்ணி, எந்த ஊருக்குப் பயணம் என்று அந்த வீட்டு அம்மையாரைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதை எடுத்துக்கொண்டு எங்கும் போக நேரக்கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறோம்" என்றார்.

பையை இறக்கிப் பிரித்தும் காட்டினார். தண்ணீர்ப் புட்டிகள், கைவிளக்கு, சிறிய வானொலிப் பெட்டி, ஊதுகுழல், பருத்திக் கையுறை, பொதுத் தொலைபேசியில் போடுவதற்கென்று ஒரு முடிச்சுப் பத்து யென் காசுகள், ஒரு டப்பா ரொட்டி. அந்த ரொட்டி ஈரமில்லாமல் காய்ந்து, கல்லைப் போல் இருந்தது. டப்பாவுக்குள் ரொட்டியோடு சில கற்கண்டுத் துண்டுகளும் கிடந்தன. குழந்தைகளுக்காகவா என்று கேட்டேன். அப்படியன்று, குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது காய்ந்த ரொட்டி தொண்டையில் இறங்காது, கற்கண்டை வாயில் இட்டுக்கொண்டால் உமிழ்நீர் ஊறும், அதன் துணைகொண்டு விழுங்கலாம் என்றார். இவ்வளவு நுட்பமாக எண்ணிப் பார்த்தவர்கள் எத்தனை துன்பங்களைக் கண்டிருக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது. அந்தப் பையின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

அது நெருப்பில் தொடங்கும் வரலாறு. டோக்கியோ நகருக்கு எடோ என்று பெயர் வழங்கிய காலத்தில், மரமும் காகிதமும் கொண்டு கட்டிய வீடுகள் அங்கே நெருங்கி நின்றன. 1657ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில், பல வாரங்களாக மழையே காணாமல் ஊர் உலர்ந்து கிடந்த வேளையில், ஹோங்கோ பகுதியில் பற்றிய தீ பெருங்காற்றில் பரவி மூன்று நாள் எரிந்தது. மெய்ரெக்கித் தீ என்று அதைச் சொல்வார்கள். கோட்டையின் உயர்ந்த நடுமாடமே எரிந்து விழுந்தது. அது பின்னர் மீண்டும் கட்டப்படவேயில்லை. மாண்டவர் தொகை இலட்சத்தை ஒட்டியது என்று பழைய ஏடுகள் கூறும்.

அக்காலத்து எடோவில் வசதி படைத்த குடும்பங்கள் ஆபத்துக்கென்று ஒரு சாதனம் வைத்திருந்தன. நம் ஊர்ப் பத்தாயத்தைக் குறுக்கிச் செய்தாற்போன்ற நீண்ட மரப்பெட்டி. அடியில் நான்கு சக்கரம். துணிமணிகளும் பட்டு மெத்தைகளும் அதில் நிறைந்திருக்கும். தீ என்ற கூக்குரல் கேட்டதும் பெட்டியைத் தெருவில் இழுத்துக்கொண்டு ஓடவேண்டியதுதான். ஒரு வீட்டார் மட்டும் இழுத்தால் நல்ல ஏற்பாடு. ஊரே இழுத்தால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. ஒடுங்கிய தெருக்களில் சக்கரப் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டி அடைத்துக்கொண்டன. முன்னே போகவும் வழியில்லை. பின்னே திரும்பவும் வழியில்லை. பெட்டியை விட்டுவிட்டு ஓடவும் மனம் வரவில்லை.

அந்தக் கூட்டம் அசகுசா வாயிலை நோக்கி நகர்ந்தது. அதே நேரத்தில் கோதென்மா சிறைச்சாலையில் வேறொன்று நிகழ்ந்தது. சிறை அதிகாரியான இஷிதே தத்தேவாக்கி என்பவர், பூட்டிய அறைக்குள் கைதிகள் வெந்து சாவதைப் பார்க்க மனம் பொறாமல், தீ அணைந்ததும் திரும்பி வரவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டு எல்லாரையும் அவிழ்த்து விட்டார். கைதிகள் தப்பி வருகிறார்கள் என்று வதந்தி எழுந்தது. வாயிற்காவலர் அதை நம்பிக் கதவை அடைத்தனர். அடைத்த கதவுக்கும் பின்னால் வந்த நெருப்புக்கும் நடுவே மக்களும் பெட்டிகளும் குவிந்தனர். அந்த ஓரிடத்திலே இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று அசாய் ரியோயி என்பவர் சில ஆண்டுகளுக்குள் எழுதிய நூல் தெரிவிக்கிறது. கைதிகளோ, ஏறத்தாழ அனைவரும், சொன்ன சொல் தவறாமல் திரும்பி வந்தார்கள்.

பின்னர் அரசு சக்கரப் பெட்டியைத் தடைசெய்தது. தெருக்கள் அகலப்படுத்தப்பட்டன, சுமிதா ஆற்றின்மேல் ரியோகோகுப் பாலம் எழுந்தது. மக்களும் தங்கள் ஏற்பாடுகளை மாற்றிக்கொண்டார்கள். மூங்கிலால் முடைந்த இலேசான பெரிய கூடையை வீட்டில் தயாராக வைத்தார்கள். வணிகர்கள் ஒருபடி மேலே போனார்கள். தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட ஊரிலேயே காப்பது மேல் என்று கண்டு, கனமான மண்சுவர்க் கிடங்குகளைக் கட்டினார்கள். கதவிடுக்கைப் பூசி அடைக்கக் குழைத்த மண்ணை எப்போதும் தயாராக வைத்திருந்தார்கள். கணக்குப் பேரேட்டுக்கு அவர்கள் செய்த உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது: தீ வந்தால் அதைக் கிணற்றில் எறிந்துவிடுவார்கள்! நிஷினோஉச்சி என்னும் உறுதியான காகிதத்தில் எழுதிய ஏடு அது. தீ அடங்கியபின் எடுத்து உலர்த்தினால் கடன்காரர் பெயர்கள் அப்படியே இருக்கும். வணிகனுக்குப் பொருளைவிட வரவேண்டிய பாக்கி பெரிதல்லவா?

இத்தனையும் கற்ற நகரம் 1923ஆம் ஆண்டில் அதே பிழையை மீண்டும் செய்தது. செப்டம்பர் 1ஆம் நாள், நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது நிலம் அதிர்ந்தது. வீடுதோறும் பகலுணவுக்காக அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம், புயற்காற்று வேறு. பல இடங்களில் தீ எழுந்தது. ஹோன்ஜோ பகுதியில், இராணுவ உடைக் கிடங்கு இருந்து அகற்றப்பட்ட பதினாறு ஏக்கருக்கு மேற்பட்ட வெற்று மைதானம் ஒன்று இருந்தது. அதைவிடப் பாதுகாப்பான இடம் வேறேது என்று சுமார் நாற்பதினாயிரம் பேர் அங்கே கூடினார்கள். வெறுங்கையோடு வரவில்லை. மெத்தை, அலமாரி, துணிமூட்டை, பாய் என்று வீட்டையே வண்டியில் ஏற்றி வந்தார்கள். வெட்டவெளி மைதானம் ஒரு பெரும் விறகுக் கொல்லையாக மாறியதை அவர்கள் அறியவில்லை. பிற்பகல் நான்கு மணியளவில் தீப்பொறிகள் அந்தச் சாமான்கள்மேல் விழுந்தன. நெருப்பு சூறாவளியாகச் சுழன்று எழுந்தது. அந்த மைதானத்தில் மட்டும் மாண்டவர் சுமார் 38,000 பேர்.

இப்போது அது யோக்கோஅமிச்சோ பூங்கா. அங்குள்ள நினைவு மண்டபத்தில், நெருப்பில் உருகி வளைந்த பொருள்களைப் பார்த்தேன். என் அருகே நின்ற முதியவர் ஒருவர் நெடுநேரம் தலைகுனிந்து நின்றார். நான் பேச்சுக் கொடுக்கவில்லை.

அந்த நாள்களில் வதந்தியும் மீண்டும் வந்தது. கொரியர்கள் கிணற்றில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற பொய்யை நம்பி, ஊர்க்காவல் என்ற பெயரில் திரண்டவர்கள் ஆயிரக்கணக்கான கொரியரைக் கொன்றனர். 1657இல் ஒரு கதவை அடைத்த அதே வதந்தி, 1923இல் ஆயுதம் ஏந்தி வந்தது. செய்தித்தாள் அச்சகங்கள் எரிந்துபோய், உண்மை எது என்று சொல்ல ஒரு குரல் இல்லாத நகரம் அது. ஜப்பானில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொடங்கியது. அதை விரைவுபடுத்தியவற்றுள் இந்த அனுபவமும் ஒன்று என்பர். ஆபத்துப் பையில் வானொலிப் பெட்டி ஏன் இருக்கிறது என்று நேயர்கள் கேட்டால், இதுதான் விடை. வானொலியில் பேசுகிறவன் என்பதால் நான் மிகைப்படுத்துவதாக எண்ணவேண்டா.

1959ஆம் ஆண்டு செப்டம்பரில் இசே வளைகுடாவில் வீசிய புயல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மறு ஆண்டு, அரசு செப்டம்பர் 1ஆம் நாளைப் பேரிடர்க் காப்பு நாளாக அறிவித்தது. அன்று பல குடும்பங்கள் பையை இறக்கி, பழைய ரொட்டியைத் தின்றுவிட்டுப் புதியதை வைக்கின்றன. 1995ஆம் ஆண்டு சனவரியில், விடியற்காலை 5-46 மணிக்குக் கோபே நகர் குலுங்கியது. மாண்டோர் 6,434 பேர். அவருள் பெரும்பாலோர் பையை எட்டும் முன்பே இடிந்த வீட்டுக்குள் அகப்பட்டவர்கள். ஆகவே படுக்கையருகே காலணி வைக்கும் வழக்கம் வலுப்பெற்றது. உடைந்த கண்ணாடிமீது வெறுங்காலோடு நடக்க முடியாதல்லவா? 2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாளின் ஆழிப்பேரலைக்குப் பின், மருத்துவர்கள் முகாம்களில் எதிர்கொண்ட முதியவர்கள் பலருக்குத் தாம் உண்ணும் மருந்தின் பெயர் தெரியவில்லை. மருந்துகளைக் குறித்து வைக்கும் சிறு நோட்டை எடுத்து வந்தவர்களுக்கு மருந்து எளிதாகக் கிடைத்தது.

இவையெல்லாம் படித்து, குறிப்பெடுத்து, நண்பர்களுக்கும் சொல்லி வியந்தவன் நான். ஆனால் என் வீட்டில் ஒரு பை வைக்கவில்லை. நம் ஊரில் நிலநடுக்கம் ஏது என்ற நினைப்பு.

2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் இரவு, சென்னையில் அடையாற்று நீர் எங்கள் தெருவுக்குள் வந்தது. மின்சாரம் போயிற்று, தொலைபேசி அடங்கிற்று. முழங்காலளவு நீரில் நானும் என் மகனும் தொலைக்காட்சிப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தோம். என் மனைவி வீட்டுப் பத்திரத்தையும் நகையையும் எடுத்துக்கொண்டாள். நான் என் குறிப்பேடுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டேன். எழுபத்தெட்டு வயதான என் தாயாரைத் தோளணைத்து அழைத்துச் சென்று, மேட்டுப்பாங்கான பகுதியில் இருந்த உறவினர் வீட்டை அடைந்தபோது நள்ளிரவு. அப்போதுதான் அம்மா கேட்டார்: "என் மாத்திரை டப்பாவை யார் எடுத்தீர்கள்?"

யாரும் எடுக்கவில்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பல ஆண்டுகளாக அவர் உண்ணும் மாத்திரைகள். பெயர் என்ன என்று கேட்டால், "ஒன்று வெள்ளை, ஒன்று இளஞ்சிவப்பு, அரை மாத்திரை ஒன்று" என்றார். எனக்கும் அதற்கு மேல் தெரியாது. சீட்டு வீட்டில், வீடு நீரில். மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க வழியில்லை. திறந்திருந்த மருந்துக் கடை ஒன்றைத் தேடிக் கண்டபோது, கடைக்காரர் வருத்தத்தோடு கையை விரித்தார். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தன. மூன்றாம் நாள் காலையில் அம்மாவுக்குத் தலை சுற்றி, பேச்சுக் குழறியது. தெருவில் வந்த படகொன்றில் ஏற்றி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து மருத்துவமனை சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார். காத்திருந்த நேரத்தில் மடியில் இருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்தேன். 1657ஆம் ஆண்டுச் சக்கரப் பெட்டிகளைப் பற்றிய குறிப்புகள் ஈரமே படாமல் இருந்தன.

இப்பொழுது எங்கள் வாசலிலும் ஒரு பை தொங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாத்திரைகளை மாற்றுகிறேன். மருந்துப் பெயர்களை அம்மா தம் கையாலேயே தமிழெழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். ரொட்டிக்குப் பதிலாக அவலும் வெல்லமும் வைத்திருக்கிறோம், கற்கண்டு உண்டு. ஆண்கள் பதினைந்து கிலோவும் பெண்கள் பத்துக் கிலோவும் சுமக்கலாம் என்று ஜப்பானியர் ஒரு கணக்குச் சொல்வார்கள். எங்கள் பை ஒன்பது கிலோவில் நிற்கிறது. தம்முடைய வெண்கல வெற்றிலைப் பெட்டியையும் அதில் வைக்கவேண்டும் என்று அம்மா வற்புறுத்துகிறார். அது மட்டும் ஒன்றேகால் கிலோ. அதைப் பற்றி எங்களுக்குள் இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை.